பேக்கரிக்கு எதிரே ஒரு கழிப்பறை

எதிர்ப்புறக் காலிமனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்த பிறகுதான் மேஸ்திரி சாலையைக் கடந்து வந்து பேக்கரிக்குள் எட்டிப் பார்த்தார்.

"முதலாளி, வாசலை உங்க கடையைப் பார்த்த மாதிரி வெச்சா பரவாயில்லையா?"

"எதோட வாசலை?"

"கழிப்பறையோடதுதான். நகராட்சியில ரெண்டு ரூம் கட்டச் சொல்லியிருக்காங்க."

பேக்கரிக்காரர் கையிலிருந்த மாவு உருண்டை மேசையில் விழுந்து சப்பையானது. அவருடைய முகமும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆனது.

அந்தத் தெருவில் அவருக்கு ரஸ்க் என்று பெயர். விற்கும் சரக்கை வைத்து வந்த பெயர் இல்லை. எதிலாவது நனைத்து எடுத்தாலொழிய அந்த மனிதரிடம் ஒரு வார்த்தையும் இளகி வராது என்பது பக்கத்து ஷெட் மெக்கானிக்கின் கண்டுபிடிப்பு. ஆனால் அன்று அவர் கலங்கியதற்குக் காரணம் இருந்தது. கடைக்குள் மேசை நாற்காலி போட்டு, உட்கார்ந்து சாப்பிடும் கடையாக மாற்ற லைசென்ஸ் கேட்டிருந்தார். கேட்ட கையோடு மேசைகளையும் வாங்கிவிட்டார். அவை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்ந்து, மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் கால்களை மேலே தூக்கிக்கொண்டு காத்திருந்தன. பார்வையிட வந்த ஆய்வாளரோ, "எதிர்ல என்ன வருதுன்னு பாத்துட்டுத்தான் கையெழுத்து" என்று சொல்லிப் போயிருந்தார்.

"இப்ப புரியுதா, எதிர்ல என்ன வருதுன்னு?" என்றார் மனைவியிடம். "எவனாவது கழிப்பறையைப் பார்த்துக்கிட்டே கேக் சாப்பிடுவானா? லைசென்ஸும் போச்சு, மேசையும் போச்சு."

மனைவி கல்லாவில் நின்று ஒரு வாடிக்கையாளருக்குப் பன் கட்டிக்கொண்டிருந்தாள். "குறைதீர் கூட்டத்துல போய்ச் சொல்லலாமே" என்றாள்.

யோசனை நல்லதுதான். சிக்கல் நேரத்தில் இருந்தது. நகராட்சிக் குறைதீர் கூட்டம் வாரத்தில் ஒரு நாள், காலையில் நடக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும். ரொட்டியை விட்டுப் போனால் கருகும். மாவை விட்டுப் போனால் பொங்கி வழியும். கொஞ்ச நேரம் இரு என்று சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை மாவு.

"நீ போய்ப் பேசிட்டு வா. என்ன பேசணும்னு நான் சொல்லித் தரேன்."

மாவு பிசைந்துகொண்டே சொல்லிக் கொடுத்தார். "பெருமதிப்புக்குரிய நகராட்சித் தலைவி அவர்களே! வெந்த ரொட்டியின் வாசனையை நம்பி வாழும் ஒரு குடும்பத்தின் மூக்கை அறுக்கலாமா? கரம் கூப்பிக் கேட்கிறோம்..." ஒவ்வொரு வரிக்கும் மாவை ஓங்கி ஒரு அடி அடித்தார். மனைவி இரண்டே தடவை கேட்டாள். பிறகு ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள்.

"அம்மாடி!" என்றார் மெக்கானிக். அவள் திரும்பி வரும்வரை கல்லாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார். "அண்ணி பேசினா கல்லும் கரையும் அண்ணே."

"பேச்சு என்னுது" என்றார் ரஸ்க். "நீ முதல்ல அந்தக் கிரீஸ் கையால பன்னைத் தொடாத."

மனைவி மதியம் திரும்பி வந்தாள்.

"பேசினியா?"

"பேசினேங்க."

"கேட்டாங்களா?"

"ரொம்பக் கவனமா கேட்டாங்க. தலைவி அம்மாவே எழுந்து வந்து என் கையைப் புடிச்சிக்கிட்டாங்க."

"அப்படிப் போடு! என்ன முடிவு பண்ணாங்க?"

"ரெண்டு ரூம் பத்தாதுன்னு நாலு ஆக்கிட்டாங்க."

அடுப்புக்குள் விட்டிருந்த நீளக்கரண்டியை வெளியே எடுக்க அவருக்கு மறந்துபோயிற்று. அன்று ஒரு தட்டு ரொட்டி கரி நிறத்தில் வெளியே வந்தது.

தப்பு எங்கே என்று அன்று முழுக்க யோசித்தார். கடைசியில் பேச்சில் பணிவு கூடிவிட்டது என்று முடிவுக்கு வந்தார். கரம் கூப்பினால் காலை வாருகிற உலகம் இது. அடுத்த வாரத்துப் பேச்சில் கரம் இல்லை, மதிப்பு இல்லை, காரம்தான்.

"தலைவி அவர்களே! இந்தத் தெருவில் இத்தனை வருஷத்தில் யாராவது ஒருவருக்காவது இப்படி ஒரு தேவை வந்ததுண்டா? காலையிலிருந்து கடையிலேயே கிடக்கிறேனே, எனக்கு வந்ததுண்டா? இல்லாத தேவைக்கு எதற்குக் கட்டடம்?"

"உங்களுக்கு எங்க வரும்?" என்றார் மெக்கானிக். "நேரா நம்ம ஷெட்டுக்குப் பின்னாடி போயிடுறீங்க."

"அது தேவை இல்லடா. அது பழக்கம்."

"தினமும் மூணு தடவை பழக்கமா?"

"நீ வாயை மூடிக்கிட்டு கல்லாவைப் பாரு."

மனைவி இதையும் ஒப்பித்தாள். "காரம் போதுமா?" என்று கேட்டாள். "போதும்" என்றார். அவள் தலையை வாரிக்கொண்டு கிளம்பினாள்.

இந்த முறை அவள் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. எதிர்ப்புறத்தில் மேஸ்திரி பழைய கோட்டைக் காலால் அழித்துவிட்டுப் புதுக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பழையதைவிட நீளம்.

"என்னய்யா இது?" என்று இங்கிருந்தே கத்தினார் ரஸ்க்.

"பெண்களுக்குத் தனிப் பகுதி, முதலாளி!" என்று அங்கிருந்து பதில் வந்தது. "தண்ணித் தொட்டியும் உண்டாம். இப்பதான் போன் வந்துச்சு. வீட்டம்மா பிரமாதமா பேசினாங்களாமே!"

மனைவி வந்ததும் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நான் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கா இல்லையா?"

"நல்லா ஞாபகம் இருக்கு" என்று அவள் மறுபடி முழுக்க ஒப்பித்துக் காட்டினாள். 'இல்லாத தேவைக்கு' என்ற இடத்தில் குரலை உயர்த்தக்கூடச் செய்தாள். வாசலில் பன் வாங்க நின்ற இரண்டு பேர் கை தட்டினார்கள்.

குறையே சொல்ல முடியவில்லை. அப்படியென்றால் கோளாறு நகராட்சியில்தான். "காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் கூட்டம் நடத்துறாங்க போல" என்று முணுமுணுத்தார்.

பேச்சு எடுபடாத இடத்தில் பன் எடுபடும் என்று அடுத்த வழியை அவரே கண்டுபிடித்தார். மேஸ்திரியையும் ஆட்களையும் தினம் வேலை நேரத்தில் கடைக்குக் கூப்பிட்டு, சூடான பன்னும் டீயும் கொடுத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பது. வேலை இழுக்கும். இழுத்தால் அதற்குள் ஆய்வாளர் வந்து காலிமனையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"யாருய்யா இவங்கெல்லாம்?"

"மார்க்கெட் பக்கம் வேலை செஞ்ச என் ஆளுங்க, முதலாளி" என்றார் மேஸ்திரி, வாய் நிறையப் பன்னோடு. "சும்மா பன் தர்ற இடம்னு தெரிஞ்சதும், அங்க இருக்க மாட்டோம்னு எல்லாரும் இங்க வந்துட்டானுங்க. இந்த வேகத்துல போனா முன்கூட்டியே முடிச்சிடலாம். எல்லாம் உங்க புண்ணியம்."

சுவர் கிடுகிடுவென்று எழுந்தது. தன் மாவும் தன் சர்க்கரையும் செங்கல் செங்கலாக உயர்வதை ரஸ்க் அடுப்பு வாசலில் நின்று பார்த்தார்.

"அண்ணே, எனக்கு ஒண்ணு தோணுது" என்றார் மெக்கானிக். "இவங்க நாம சொல்றதுக்கு நேர் எதிராத்தானே செய்யறாங்க? ரிவர்ஸ் கியர் போட்டுப் பாருங்களேன்."

ரஸ்கின் கண்களில் வெளிச்சம் வந்தது. இது ஏன் தனக்கு முதலிலேயே தோன்றவில்லை என்று வருத்தம்கூட வந்தது. மனைவியைக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவை மாத்திப் பேசு. கழிப்பறை எங்களுக்கு ரொம்ப அவசியம், கட்டாயம் வேணும், இங்கேயேதான் வேணும்னு சொல்லு."

அவள் பன் அடுக்குவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

"அப்படியே சொல்லட்டுமா?"

"ஒரு எழுத்து மாறக் கூடாது. ஒப்பிச்சுக் காட்டு."

"ஒப்பிக்க வேண்டாங்க" என்றாள். "இது மத்ததை விட சுலபமா இருக்கு."

போகும்போது அவள் ஏதோ பாட்டு முணுமுணுத்ததாக மெக்கானிக் சொன்னார். ரஸ்க் அதை நம்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் காலையில் பாடி அவர் கேட்டதில்லை.

மதியம் வந்தவள் கையில் ஒரு சாவிக்கொத்து இருந்தது.

"இது என்ன?"

"கழிப்பறைச் சாவிங்க. தெருவுல இவ்வளவு அக்கறையான ஆள் வேற யாரும் இல்லைன்னு பராமரிப்புக் குழுவுக்கு உங்களைத் தலைவரா போட்டுட்டாங்க. காலையில அடுப்புப் பத்த வைக்கிறப்பவே திறந்து விட்டுடணுமாம்."

மெக்கானிக் கல்லாவுக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். வெகுநேரம் நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

திறப்பு விழாவுக்கு ரஸ்க் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. குழுத் தலைவர் இல்லாமல் எப்படி? வாசலில் ரிப்பன். சாலையோரம் நாற்காலிகள். முன்வரிசையில் அவரும் மனைவியும். தூக்குத் தண்டனைக்கு வந்தவர் முகத்தோடு அவர் உட்கார்ந்திருந்தார். லைசென்ஸ் ஆய்வாளர் மேடையில் தலைவிக்குப் பக்கத்தில் அமர்ந்து, ஒரு தடவை கழிப்பறையையும் ஒரு தடவை பேக்கரியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஒவ்வொரு தடவை தலையைத் திருப்பும்போதும் ரஸ்க் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் கீழே சரிந்தார்.

தலைவி மைக்கைப் பிடித்தார்.

"இன்னொரு நல்ல செய்தியும் இருக்கு. உக்காந்து சாப்பிடுற கடைன்னா வர்றவங்களுக்குப் பக்கத்துல கழிப்பறை வசதி இருக்கணும். இது இல்லாமதான் எதிர்ல இருக்கற பேக்கரியோட லைசென்ஸ் இத்தனை நாளா நின்னுபோயிருந்துச்சு. இப்ப ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுட்டார். இனிமே தாராளமா மேசை போடலாம்!"

ரஸ்க் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அதற்குள் கை தட்டல் கேட்கவே, வாயை மூடாமலேயே கும்பிட்டார்.

"எதிர்ல என்ன வருதுன்னு பாத்துட்டுன்னு அவர் சொன்னது இதைத்தானா!" என்றார் மனைவியிடம்.

"இருக்கும்ங்க" என்றாள் அவள். ரிப்பன் வெட்டியவுடன் கூட்டத்துக்குள் நுழைந்து முதல் ஆளாக உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ரஸ்க் பழைய ரஸ்க் ஆகிவிட்டார். பழையதை விடவும் கொஞ்சம் கூடுதலாகவே. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விளக்கினார். "ரிவர்ஸ் கியர், சார். எல்லாம் ஒரு கணக்குத்தான். முதல்ல வேணாம்னேன். அப்புறம் வேணும்னேன். நகராட்சி திக்குமுக்காடிப் போச்சு." மெக்கானிக்கிடம், "யோசனை உன்னுது, பேச்சு என்னுது" என்று பெருந்தன்மையாகப் பங்கு பிரித்தார். "கல்லும் கரையும்னு நீ சொன்னியே, கரைஞ்சுதா இல்லையா?"

நாற்காலிகளை மடக்க ஆரம்பித்துவிட்டார்கள். மைக் செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ரஸ்க் அவரிடம் போனார்.

"தம்பி, குறைதீர் கூட்டத்துக்கும் நீதானே மைக் கட்டற?"

"ஆமாம் சார். எல்லா வாரமும்."

"அப்ப என் வீட்டுக்காரி பேசினதைக் கேட்டிருப்ப."

"கேக்காம இருப்பேனா? முதல் நாள் அக்கா பேசினப்ப அந்தக் கூட்டத்துல ஒருத்தர் இருமக்கூட இல்லை, சார். தலைவி அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க."

ரஸ்க் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். "அது நான் சொல்லிக் கொடுத்த பேச்சு. எந்த வரிக்குத் துடைச்சாங்க? வாசனைக்கா, மூக்குக்கா?"

மைக் செட்காரர் சுருட்டிய வயரைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார்.

"அதெல்லாம் அக்கா சொல்லவே இல்லையே சார். 'கடை திறந்ததுலேர்ந்து மூடுற வரைக்கும் கல்லாவுல நிக்கிறேன், ஒரு வாய் தண்ணி குடிக்கவே பயமா இருக்கும்மா'ன்னாங்க, அவ்வளவுதான்."