தண்ணீர் மட்டுமே, டச்சப் இல்லை

"ஏழு," என்று சொல்லிவிட்டு ஸ்டூடியோக்காரர் காலித் தண்ணீர் டம்ளரைச் சமையலறை மேடையில் கவிழ்த்தார்.

மனைவி பீன்ஸுக்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏழுன்னு சொன்னேன்."

"கேட்டுது. பாத்ரூம் தாழ்ப்பாள் இறுகிப் போயிருக்கு. அவசரத்துல பிடுங்கிடாதீங்க."

"கிண்டல் பண்ணு. ஒரு மாசம் கழிச்சு இந்த மூஞ்சியைப் பாத்துட்டு அப்புறம் பேசு."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவர் பாத்ரூமுக்கு ஓடினார். பதில் சொல்ல நேரமில்லை. தாழ்ப்பாள் உண்மையிலேயே இறுகித்தான் போயிருந்தது.

விவகாரம் அவர் முகத்தைப் பற்றியதே அல்ல. அவள் முகத்தைப் பற்றியது. அவளுக்கு நகராட்சி அலுவலகத்தில் வேலை. பிறப்புச் சான்றிதழ் கவுண்டரில் உட்கார்ந்து நாளெல்லாம் முத்திரை குத்துவாள். சில மாதங்களாக இடது கன்னத்தில் பழுப்பாக ஒரு மங்கு படர்ந்துகொண்டிருந்தது. போன வாரம் கைக்குழந்தையோடு வரிசையில் நின்ற ஒரு பெண் குனிந்து, "அம்மா, கன்னத்துல மை ஒட்டியிருக்கு," என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். இவளும், "அப்படியா, தேங்க்ஸ்மா," என்று கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள். துடைத்தும் அது போகாததை அந்தப் பெண் பார்த்துவிட்டாள். சான்றிதழை வாங்கிக்கொண்டு, எழுத்துப்பிழை இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே மனைவி தோல் டாக்டரிடம் நேரம் கேட்டு வாங்கினாள்; ஒரு மாதத்துக்கு மேல் தள்ளித்தான் கிடைத்தது.

"தோலுக்கு எதுக்கு டாக்டர்?" என்றார் ஸ்டூடியோக்காரர். "ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணி குடிச்சா போதும். பேப்பர்ல போட்டிருக்கான். தோல் கண்ணாடி மாதிரி ஆயிடுமாம்."

"யாரு போட்டிருக்கா?"

"அதான் சொன்னேனே, பேப்பர்ல. உடம்புல பாதிக்கு மேல தண்ணி. அது குறைஞ்சா தோல் வாடும். மீனைப் பாரு, எவ்வளவு பளபளப்பு!"

"தவளையும் தண்ணியிலதான் இருக்கு."

அவர் தவளையை அலட்சியம் செய்தார்.

தண்ணீர்மேல் அவருக்கு வந்த திடீர் பக்திக்குக் காரணம் அந்த டாக்டர். இரண்டு வருடங்களுக்கு முன் அந்த அம்மாள் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்திருந்தார். வலது புருவத்துக்கு மேல் பெரிய மச்சம். ஸ்டூடியோக்காரர் யாரும் கேட்காமலே, இலவசமாக, முழு அன்போடு அதைப் படத்திலிருந்து நீக்கிவிட்டார். டாக்டரோ விண்ணப்பத்தில் அங்க அடையாளம் என்ற இடத்தில் அதே மச்சத்தைத்தான் எழுதிக்கொடுத்திருந்தார். அதிகாரி படத்தைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், ஓரமாக உட்காரச் சொன்னார். சாயங்காலம் டாக்டர் நேராக ஸ்டூடியோவுக்கு வந்து, கல்யாண ஆல்பம் புரட்டிக்கொண்டிருந்த ஒரு முழுக் குடும்பத்தின் முன்னால், "என் மச்சத்தைத் திருப்பிக் குடுங்க," என்றார்.

அன்றிலிருந்து ஸ்டூடியோக்காரர் அந்த கிளினிக் இருக்கும் தெருவிலேயே நடப்பதில்லை. மனைவியோடு போனால் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காரவேண்டி வரும். மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது? தண்ணீரைப் பற்றிச் சொல்வது சுலபமாக இருந்தது.

"உனக்கு ஆபீஸ்ல கேக்கற ஐடி கார்டுக்குப் படம்தானே வேணும்? நான் எதுக்கு இருக்கேன்? கம்ப்யூட்டர்ல டச்சப் பண்ணினா ரெண்டே நிமிஷம். மங்கு போன இடம் தெரியாது."

"கவுண்டர்ல கம்ப்யூட்டர் மூஞ்சியா போய் உக்காரும்? என் மூஞ்சிதானே உக்காரணும்."

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. ஒரு மாதம் அவர் குடிப்பது. முதல் நாள் ஒரு படம், மாதக் கடைசியில் ஒரு படம், அதே ஸ்டூடியோ, அதே வெளிச்சம். முகம் தெளிந்திருந்தால் அவளும் தண்ணீரே குடித்துக்கொண்டு பேசாமல் இருப்பாள். தெளியவில்லை என்றால் டாக்டர். அவள் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது அவருக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இன்னும் நாலு வாதம் கைவசம் வைத்திருந்தார்.

ஸ்டூடியோ ஒரு வணிக வளாகத்தின் முதல் மாடியில் இருந்தது. கழிப்பறை கீழ்த்தளத்தின் கோடியில். அதன் சாவி காவலாளியிடம். காவலாளி எங்கே என்பது யாருக்கும் தெரியாது.

"மோவாயைத் தூக்குங்க. போதும். கண்ணைச் சிமிட்டாதீங்க. அப்படியே இருங்க," என்பார். வந்தவர்கள் அப்படியே இருப்பார்கள். இவர்தான் இருக்கமாட்டார். வங்கியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், சொன்ன சொல் தட்டாதவர், இவர் திரும்பி வரும்வரை சிமிட்டாமலே உட்கார்ந்திருந்தார். வேலையில் சேர்ந்த அன்றே அழுதவர் மாதிரி படம் வந்தது.

ஒரு நாள் ஒரு பெரிய குடும்பம் வந்தது. மூன்று வரிசையாக நிறுத்தி, எல்லோரையும் சிரிக்கச் சொல்லிவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் குனிந்தார். அவர்களுக்குப் பின்னால் அருவி வரைந்த துணித் திரை. கடை தொடங்கிய புதிதில் வாங்கியது. பாறைமேலிருந்து வெள்ளையாக, தடையில்லாமல், கொட்டோ கொட்டென்று கொட்டும் அருவி. அதைப் பார்த்த மாத்திரத்தில் ஸ்டூடியோக்காரர் ஓடினார். காவலாளியைத் தேடிப் பிடித்து, வேலையை முடித்துத் திரும்புவதற்குள், யார் முதலில் சிரிப்பை விட்டது என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் தகராறாகிவிட்டது. படத்தில் இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். அன்று மாலையே அருவியைச் சுருட்டி மூலையில் நிறுத்தினார்.

வீட்டில் மனைவி கிண்டலை விட்டுவிட்டாள். காலையில் இரண்டு பாட்டில் நிரப்பிப் பையில் வைப்பாள். ராத்திரி வந்ததும் பாட்டில்களைக் கவிழ்த்துப் பார்ப்பாள். "ரெண்டும் காலி. பரவாயில்லையே," என்பாள். எதிரிக்கு இப்படி உபசாரம் செய்பவளை அவர் அதுவரை பார்த்ததில்லை.

மாதக் கடைசி வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தன்னைத் தானே படம் எடுத்தார். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தார். அதே முகம். தூக்கம் கெட்டதில் கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு பை கூடுதலாகத் தொங்கியது.

அப்போதுகூட அவர் பொய் சொல்ல நினைக்கவில்லை. தாடையில் ஒரு புள்ளி தெரிந்தது. தூசி என்று துடைத்தார். தூசி துடைப்பதில் என்ன தப்பு? துடைத்த இடம் தனியாகப் பளிச்சென்று நின்றது. பக்கத்து இடத்தை அதற்குச் சமமாக்குவது தொழில் தர்மம். சமமாக்கிக்கொண்டே போனதில் நெற்றி வந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே இருந்த பைகள் தாமாகவே போய்விட்டன என்றுதான் சொல்லவேண்டும்; கை அவ்வளவு பழகியிருந்தது. மூக்கின் மேலிருந்த பருவை மட்டும், நம்புவதற்கு ஏதாவது வேண்டுமே என்று விட்டுவைத்தார்.

மனைவி படத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. தண்ணியா?"

"தண்ணியேதான்."

"வேற எதுவும் பண்ணலையே?"

"நான் என்ன பண்ணப்போறேன்?"

"மூக்குல பரு அப்படியே இருக்கே. அங்க தண்ணி ஏறலையா?"

"மூக்கு மேட்டுல இருக்குல்ல. மெதுவாத்தான் ஏறும்."

"ஆமால்ல," என்றாள். இரண்டு படங்களையும் கைப்பையில் வைத்துக்கொண்டாள். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பி வந்து, "கிளினிக்குக்குச் சொல்லிட்டேன்," என்றாள். என்ன சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. ஜெயித்தவன் துருவித் துருவிக் கேட்பது அழகில்லை. அன்று ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக இடையில் எழுந்திருக்காமல் தூங்கினார்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போனபோது வாசலில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். கண்ணாடிக் கதவில் வழக்கமாக ஒரு மணப்பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளைக் காணோம். அவள் இடத்தில் ஸ்டூடியோக்காரர், இரண்டு பேராக, ஆள் உயரத்துக்கு. இடப்பக்கம் பழைய முகம். வலப்பக்கம் புதிய முகம். கீழே கொட்டை எழுத்தில்: தண்ணீர் மட்டுமே. டச்சப் இல்லை. பக்கத்தில் ஸ்டூலின்மேல் ஒரு தண்ணீர் கேனும் காகித டம்ளர்களும்.

போனில் அவள் குரலில் பெருமை வழிந்தது. "ஆபீஸ் பக்கத்துல பெரிசா பிரிண்ட் போடறாங்க. வேலைக்குப் போற வழியில உங்க மாத்துச் சாவியால திறந்து மாட்டிட்டுப் போனேன். இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கீங்க, நாலு பேருக்குத் தெரியவேண்டாமா?"

முதல் நாள் அவருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள்.

"படத்தை அடுத்த மாசம் வச்சுக்கலாம்னு இருக்கோம்," என்றார் பெண்ணின் அப்பா. "பொண்ணு இன்னிக்குத்தான் தண்ணி ஆரம்பிச்சிருக்கா."

"சார், தண்ணியும் குடிக்கட்டும். நான் டச்சப்பும் பண்ணித் தரேன்."

"அதான் வேணாம்னு நீங்களே போட்டிருக்கீங்களே. இந்தக் காலத்துல யாரு சார் இவ்வளவு நேர்மையா தொழில் பண்றாங்க?"

அடுத்து வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். அவர் சம்பாத்தியம் முழுவதும் பிறர் முகத்துக் குழிகளிலும் கோடுகளிலும் இருந்தது. இப்போது ஊரே அவற்றைத் தண்ணீர் ஊற்றி நிரப்பக் கிளம்பிவிட்டது. கூடவே ஓர் அம்மாள் வலப்பக்கத்துப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவர் உங்க தம்பியா?" என்று கேட்டாள். வெயிலில் வந்து நிற்கச் சொல்லிவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். "தம்பிதான்," என்று கூட வந்தவளிடம் முடிவாகச் சொன்னாள்.

ஸ்டூடியோக்காரர் அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"ஏம்மா, அந்தப் படத்தை எடுத்துடலாமா?"

"ஏங்க? பொய்யா?"

"பொய்யின்னு இல்ல..."

"உண்மைன்னா இருந்துட்டுப் போகட்டும். பொய்யின்னா எடுத்துடலாம்."

அவர் செருப்பைக் கழற்றினார். ஜோடியாகச் சுவரோரம் வைத்தார்.

"கண்ணுக்குக் கீழ மட்டும் கொஞ்சம்."

"சரி."

"தாடையில."

"சரி."

"நெத்தியில லேசா. லேசாத்தான்."

"கழுத்து?"

"கழுத்தைத் தொடவேயில்ல!"

"அதான் கேட்டேன். தலைக்கு ஒரு வயசு, கழுத்துக்கு ஒரு வயசா இருந்துது. பாத்த உடனே தெரிஞ்சுது." அவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குப் போகணும்."

"கிளினிக்ல வரலைன்னு சொல்லிட்டியே?"

"சொல்லிட்டேன்னுதானே சொன்னேன்? உங்களையும் சேத்து ரெண்டு பேரா வரோம்னு சொன்னேன். கண்ணு வீங்கிக் கிடக்கே."

அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "அந்த டாக்டர் வேணாம்மா. அவங்களுக்கு ஒரு மச்சம்..."

"திருப்பிக் கேட்டாங்களே, அதுதானே? அந்த ஆல்பம் பாத்துட்டிருந்த அம்மா எங்க ஆபீஸ்தான். ரெண்டு வருஷமாத் தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கன்னு விட்டுட்டேன்."

வெள்ளிக்கிழமை டாக்டர் அவரைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். தன் வலது புருவத்துக்கு மேல் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான். பிறகு மனைவியின் கன்னத்தை விளக்கில் திருப்பினார்.

"நீங்க உக்கார்ற இடத்துல ஜன்னல் எந்தப் பக்கம்?"

மனைவி யோசித்தாள். "இடது பக்கம். மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா அடிக்கும்."

"கண்ணாடி இருக்குன்னு விட்டுட்டீங்க. வெயிலுக்குக் கண்ணாடி பெரிய தடை இல்ல. க்ரீம் எழுதித் தரேன். பொறுமையாப் போடணும், மாசக்கணக்கு ஆகும். முதல்ல வெயிலை மறைங்க."

ஸ்டூடியோக்காரரால் சும்மா இருக்க முடியவில்லை. "டாக்டர், தண்ணி... தோலுக்கு எவ்வளவு குடிக்கணும்?"

"தாகம் எடுத்தாக் குடிங்க. வெயில்ல வேலை செஞ்சாக் கூடக் குடிங்க."

"நாலு லிட்டர்?"

"குடிச்சுப் பாத்தீங்களா?"

"ஒரு மாசம்."

"எங்க போச்சு?"

அவர் தரையைப் பார்த்தார். மனைவி கைப்பையில் எதையோ மும்முரமாகத் தேடினாள்.

"தோலுக்குப் போகலைல்ல?" என்று கேட்டுவிட்டு டாக்டர் அவருடைய சீட்டில் ஒரே வரி எழுதினார். இரவில் தண்ணீர் குடிக்காமல் தூங்கவும்.

மறுநாள் மனைவி ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். ஐடி கார்டுக்குப் படம். "டச்சப் வேணாம்," என்றாள். எடுத்தார். கம்ப்யூட்டரில் அந்தக் கன்னம் வந்தது. மவுஸை நோக்கிப் போன கையை இழுத்துப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். அப்படியே பிரிண்ட் எடுத்தார். அவள் போன பிறகு கதவிலிருந்து தன் இரண்டு முகங்களையும் இறக்கிவிட்டு, மூலையில் சுருட்டி வைத்திருந்த திரையை விரித்து, கத்தரிக்கோலைத் தேடினார்.

திங்கட்கிழமை மத்தியானம் நகராட்சி அலுவலகத்தில் வரிசை வாசல்வரை நின்றது. ஸ்டூடியோக்காரர் கவுண்டருக்குள் ஜன்னலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, வாயில் இரண்டு ஆணிகளைக் கவ்விக்கொண்டு, பாதியாக வெட்டிய அருவியைச் சட்டத்தோடு சேர்த்து அடித்துக்கொண்டிருந்தார். பாறை மேலே நின்றது. தண்ணீர் வெயிலை மறைத்தபடி ஜன்னல் அடிவரை கொட்டியது. ஸ்டூல் ஒரு பக்கம் ஆடியது. மனைவி நிமிராமல், இடது கையால் அதன் காலைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அடுத்த குழந்தைக்கு முத்திரை குத்தினாள்.