ஐஸுக்கு நிறை கிடையாது

ஊவா மாகாணத்தில் மாளு மாமாவைப் போல் சைக்கிள் கம்பி உடைத்த மனிதர் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் அவருக்கு மின்சார மலைச் சைக்கிளை யாரும் வாடகைக்குத் தரமாட்டார்கள்.

சிங்களத்தில் மாளு என்றால் மீன். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாமா மீன் விற்கிறார். தொழிலாளர் லயத்து வீடுகளின் முனையில் நின்று "மாளூ, மாளூ" என்று குரல் கொடுத்தால் அடுத்த மலையின் பூனைகளும் கிளம்பி வரும் என்பார்கள். அந்தக் குரலே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் எங்கள் கடை ரசீதில் இருக்கிறது. ஒரு தடவை அதைச் சொல்லிக் கூப்பிட்டபோது, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

நான் பதுளையில் மின்சாரச் சைக்கிள் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் படித்தவள். பக்கத்து எல்ல நகரத்துக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்காக எங்கள் முதலாளி ஹாஜியார் வாங்கிப் போட்ட சைக்கிள்கள் அவை. தடித்த டயர், பின் சக்கரத்தின் நடுவில் மோட்டார். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் மாமா தன் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு, இதில் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்தார். வெள்ளைக்காரர்கள் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு ஏறிய சைக்கிளில் அவர் ஐஸ் பெட்டி, தராசு, வெட்டும் கட்டை, கத்தி எல்லாவற்றையும் ஏற்றினார். கடைசியாகத் தானும் ஏறினார். அவரே உடம்பில் கொஞ்சம் தாராளமான ஆள்.

பின் சக்கரக் கம்பி உடைய நான்கு காரணங்கள் உண்டு. ஒன்று, கம்பி தளர்ந்திருப்பது. இரண்டு, மோட்டாரின் இழுப்புக்குக் கம்பி மெலிவாக இருப்பது. மூன்று, துரு. நான்கு, அளவுக்கு மீறிய பாரம். மாமாவின் சக்கரத்தில் நான்கும் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தன. ஆனால் அவர் இதில் ஒன்றையும் ஏற்கவில்லை. அவரிடம் வேறு காரணங்கள் இருந்தன.

"இத முன்னாடி எந்த வெள்ளக்காரன் ஓட்டினது, புள்ள?"

"தெரியாதுங்க மாமா. ஏன்?"

"அவன் எங்கயோ ஒரு நாய் மேல ஏத்தியிருக்கான். அதான் சக்கரத்துக்கு நிம்மதி இல்ல."

அடுத்த மாதம், பெட்டியின் மேல் காக்கை உட்கார்ந்ததால் உடைந்தது. அதற்கடுத்த மாதம், பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதால்.

கம்பி உடைந்தால் சைக்கிளைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு, பின் சக்கரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு பசறை வழியாக பஸ்ஸில் வருவார். மோட்டாரும் அதற்குள்ளேயே இருப்பதால் அது மடியில் வைக்கிற சாமான் அல்ல. ஒரு தடவை கண்டக்டர் சக்கரத்துக்கும் டிக்கெட் கேட்டிருக்கிறார். "அப்ப அதுக்கும் ஒரு சீட்டு குடு" என்று மாமா டிக்கெட் வாங்கி, சக்கரத்தை ஜன்னலோரமாக உட்காரவைத்து, பக்கத்தில் தான் உட்கார்ந்து வந்தார். பஸ் நிறைந்திருந்தும் அந்த இருக்கைக்கு யாரும் போட்டிக்கு வரவில்லை. மீன் வாசனை அப்படி.

பஸ் வராத ஒரு நாள் அவரே வைத்தியம் பார்த்துவிட்டார். பிறகு அந்தச் சக்கரத்தை நான் கையில் எடுத்தபோது மூன்று கம்பிகள் மட்டும் கறுப்பாக, நடுவில் மடிந்து இருந்தன. இரண்டு முனையையும் கொக்கி போல வளைத்து நைலோன் நூலால் இறுக்கியிருந்தார்.

"மாமா, இது குடைக்கம்பிங்க."

"ஆமா. மழையிலயே தாங்கின கம்பி. வெயில்ல தாங்காதா?"

கம்பிகளை வெட்டிப் போட்டுவிட்டு, ஒரு கம்பி போனால் அதன் பங்கையும் பக்கத்துக் கம்பிகள்தான் இழுக்க வேண்டும், அதனால் அடுத்து அவை போகும் என்று நிதானமாக விளக்கினேன். உடனே புரிந்துகொண்டார்.

"மலையிலயும் அப்படித்தான். ஒரு ஆளு வேலைக்கு வரலன்னா அவ நெரையையும் பக்கத்துல உள்ளவதான் எடுக்கணும். ரெண்டு நாள்ல அவளும் படுத்துருவா."

நான் பத்து நிமிடம் எடுத்துச் சொன்னதை அவர் ஒரு தேயிலை நிரையில் முடித்துவிட்டார். இதுதான் நேரம் என்று நான்காவது காரணத்தை எடுத்தேன்.

"அப்ப பாரத்தக் குறைங்க. பெட்டியில என்ன ஏத்துறீங்க?"

"மீன் மட்டுந்தான்."

"ஐஸ்?"

"ஐஸு தண்ணிதானே."

"தண்ணிக்கும் நிறை இருக்குங்க மாமா."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது இலையில் ஈரம் இருக்கிறது என்று சில கிலோக்களைக் கழிப்பார்கள். சாக்குக்கும் கழிப்பார்கள். நல்ல வெயில் நாளிலும் கழிப்பதுண்டு.

"எங்கம்மா ஆயுசு பூரா கொழுந்து எடுத்துச்சு. தினமும் தண்ணிக்குன்னு கழிச்சாங்க. அந்தத் தண்ணிய முதுகுல சொமந்து எறக்கினது அதுதான். ஆனா தராசுல தண்ணிக்கு நிறை கிடையாது. தோட்டத்துத் தொரையே ஒத்துக்கிட்ட விஷயம். இப்ப என் ஐஸுக்கு மட்டும் எங்க இருந்து நிறை வந்திச்சு?"

கோபமாகச் சொல்லவில்லை. பதுளைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். அவர் கணக்கில் ஐஸ் போகும். பெட்டி போகும். தராசும் போகும், ஏனென்றால் நிறுக்கிற சாமானை யார் நிறுக்கிறார்கள்? மிஞ்சுவது மீன், விற்றுவிட்டால் அதுவும் இல்லை. மொத்தத்தில் எங்கள் சைக்கிள் வெறும் காற்றை ஏற்றிக்கொண்டு போய்க் கம்பியை உடைத்துக்கொண்டிருந்தது.

ஹாஜியார் பொறுமையான மனிதர்தான். ஆனால் கம்பிப் பெட்டி காலியாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்த மனுசன் மீன் விக்கிறாரா, என்ட கம்பிய விக்கிறாரா?" என்றார். "நீயே போய் நிறுத்துப் பாரு புள்ள. பெட்டி நாப்பது கிலோவுக்கு மேல இருந்தா சைக்கிளக் கையோட கொண்டு வந்துரு."

சைக்கிள் போனால் மாமாவுக்கு மேற்கணக்கு போய்விடும். மேற்கணக்கு என்பது தோட்டத்தின் மேல் பிரிவு. தார்ப் பாதை கீழேயே நின்றுவிடுகிறது. ஆட்டோவில் மீன் கொண்டுவருகிறவர்கள் அங்கேயே விற்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கல்லும் குழியுமான மிச்சத் தூரத்தை ஏறுவது அவர் ஒருவர்தான். நடந்து ஏற அவருடைய முழங்கால் சம்மதிக்காது.

நான் ஒளிக்காமல் மாமாவிடம் போனிலேயே விஷயத்தைச் சொன்னேன். பிறகு, வேலைக்குப் பொருந்தாத ஒன்றையும் சொன்னேன்.

"நாளைக்குக் கொஞ்சமா ஏத்துங்க மாமா."

"ஏன்? நாளைக்கு சூரை வருது. மேல எல்லாரும் சொல்லி வச்சிருக்காங்க."

அவருடைய தராசு ஒரு சூரைத் தலையையே மூச்சு வாங்கித்தான் நிறுக்கும். அதனால் மறுநாள் பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்தில், மேற்கணக்கின் நிறுவைக் கொட்டகையான மடுவத்துக்குப் போனோம். கொழுந்துச் சாக்குகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். நிறையைப் பதியும் கணக்கப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் பெட்டியைத் தொங்கு தராசில் மாட்டச் சொன்னார். அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முள் ஆடி, ஐம்பத்தொன்றில் நின்றது.

நான் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். கைகளை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். மறுபடி துடைத்தார். மோட்டார் வயரைக் கழற்ற வேண்டும், பெட்டியை இறக்க வேண்டும், சைக்கிளை உருட்டிக்கொண்டு போக ஆள் பிடிக்க வேண்டும் என்று நான் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

கணக்கப்பிள்ளை தலையை நிமிர்த்தாமல், தினமும் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"தண்ணிக்கும் பெட்டிக்கும் கழிச்சு முப்பத்தொம்போது."



"ஐயா, மழையே இல்லீங்களே," என்றது வரிசையில் ஒரு பெண் குரல்.

"வாய மூடுடி. இன்னிக்கு ஒரு நாள்தான் நல்லதுக்குக் கழிச்சிருக்காரு," என்றார் அவளுக்குப் பின்னால் நின்ற அக்கா. வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தத் தராசு கழித்ததால் ஒருவருக்கு நன்மை வந்ததை அவர்கள் அன்றுதான் பார்த்திருப்பார்கள்.

பழக்க தோஷத்தில் கழித்தாரா, யோசித்துக் கழித்தாரா என்று கணக்கப்பிள்ளையின் முகத்தில் தெரியவில்லை. அவர் வீட்டுக்கும் மீன் இந்தப் பெட்டியில்தான் வருகிறது என்பது பிறகு தெரிந்தது. மாமா என் பக்கம் திரும்பி, "சொன்னேன்ல புள்ள," என்றார். பிறகு சூரையை வெட்டப் போய்விட்டார்.

கடைக்குத் திரும்பியதும் ஹாஜியார் கேட்டார்.

"எவ்வளவு?"

"மடுவத்துத் தராசுல முப்பத்தொன்பதுன்னு சொன்னாங்க முதலாளி."

"மடுவத்துத் தராசுலயா?"

"ஆமாங்க."

அவர் பதுளையிலேயே பிறந்து வளர்ந்த, தோட்டத்துத் தராசுகளை அறிந்த வியாபாரி. தாடியைத் தடவிக்கொண்டார். "அப்ப சரி," என்றார்.

அந்த வாரமே மாமாவின் சக்கரத்தை முழுக்கப் பிரித்து, புதிதாகக் கட்டினேன். எந்தத் தடிப்பில் கம்பி போடுவது என்று கணக்குப் பார்க்கும்போது மீன், ஐஸ், பெட்டி, தராசு, கட்டை, கத்தி, மாமா என்று எல்லாவற்றையும் கூட்டினேன். ஒன்றையும் கழிக்கவில்லை.