பெட்டிச் சாமியும் மூன்று புளியங்கொட்டையும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில் கண்டியில் இரண்டு இடங்களில் காலையிலேயே கூட்டம் நின்றது. ஒன்று ரயில் நிலையம். மற்றது அம்பிட்டிய மேட்டில் பெட்டிச் சாமியின் வீடு. ரயில் நிலையத்தில் வரிசையில் நின்றவர்களுக்குப் பயணச் சீட்டுக் கிடைத்தது. மேட்டில் வரிசையில் நின்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

மற்றச் சாமிகள் பிள்ளை வரம் கொடுத்தார்கள், பேய் விரட்டினார்கள், களவு போன மாட்டுக்குத் திசை சொன்னார்கள். பெட்டிச் சாமி அந்தச் சில்லறை வேலைகளில் இறங்கவில்லை. அவருடைய துறை ஒன்றே ஒன்று. கடல் கடந்து போகிறவர்களின் பத்திரங்கள் தொலையாமல் காப்பது. சிங்கப்பூருக்குப் போகிற கிளாக்கரின் பாஸ்போட், மக்கத்துக்குப் போகிற முதலாளியின் பாஸ்போட், இந்தியாவுக்குப் போய்வரும் தோட்டத் தொழிலாளிக்குத் துரை கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அடையாளச் சீட்டு, எல்லாம் அவருக்குச் சமம். சாதி மத பேதம் பார்க்காத மகான். காணிக்கையிலும் பார்க்கவில்லை.

தோட்டத்து ஆளுக்கு அந்தச் சீட்டுத்தான் உயிர். ஊருக்குப் போய்த் திரும்பும்போது இந்தியக் கரையில் மண்டபம் முகாமில் அதைக் காட்டினால் கப்பல். காட்டாவிட்டால் வந்த வழியே நடக்கவேண்டியதுதான். ஆகவே அதைத் தொலைத்துவிடுவோமோ என்ற பயம் பயணம் முழுவதும் கூடவே வரும். பயம் இருக்கிற இடத்தில் ஒரு சாமி உட்காருவதற்கு அதிக நேரம் ஆவதில்லை.

முறை மிகவும் நேர்மையானது. சாமி ஒரு கையகலத் தகரப் பெட்டியைக் கொடுப்பார். பத்திரத்தை நீங்களே, எல்லோரும் பார்க்க, உங்கள் கையாலேயே உள்ளே போட்டு மூடவேண்டும். அந்த நேரம் சாமி கண்ணை இறுக மூடிக்கொள்வார். சந்தேகம் வரக்கூடாது பாருங்கள். பிறகு பெட்டியை வாங்கி, மடியில் விரித்திருக்கும் மஞ்சள் துணிக்கு அடியில் வைத்து மந்திரம் சொல்வார். சீடர் கறுப்பையா பக்கத்தில் நின்று உடுக்கை அடிப்பார். அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. துணிக்கடியிலிருந்து வெளியே வரும் பெட்டிக்கு அரக்கு ஊற்றி, மோதிரத்தால் முத்திரை குத்திக் கொடுப்பார். இனி அந்தப் பெட்டியைத் திருடன் தொட்டால் கை முடங்கும். கடலில் விழுந்தால் மிதந்து வரும்.

ஒரே ஒரு நிபந்தனை. நீங்கள் திறக்கக்கூடாது. அதிகாரி கேட்டால் அதிகாரி திறக்கலாம். அதிகாரிகளுக்குத் தீட்டு இல்லையாம்.

வாசலில் கறுப்பையா ஒவ்வொருவரையும் நிறுத்தி மூன்று கேள்வி கேட்பார். "எழுதப் படிக்கத் தெரியுமா? தனியாப் போறீங்களா, தொணை இருக்கா? போற எடத்துல பெரிய மனுசங்க யாரையாச்சும் தெரியுமா?" மந்திரத்துக்கும் இந்த விசாரணைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கா அவ்வளவு தூரம் மேடேறி வந்தார்கள்!

சாமியின் புகழ் பரவியதற்குக் காரணம் சாட்சிகள். முதல் சாட்சி பொன்னுத்துரை, கண்டியில் ஒரு அலுவலகத்தில் கிளாக்கர், யாழ்ப்பாணத்தவர், இங்கிலீசில் கடிதம் எழுதக்கூடியவர். சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பியவர். கூட்டத்தில் கதிரை போட்டு உட்காரும் உரிமை அவருக்கு மட்டும் உண்டு.

"ஓம், நான் போட்டு வந்தனான். பாஸ்போட்டில ஒரு கீறல் இல்லை" என்பார்.

"எங்க வெச்சிருந்தீங்க ஐயா?"

"பெட்டியை றங்குப் பெட்டிக்குள்ள வைச்சு, பூட்டி, திறப்பை அரைஞாண் கயித்தில கட்டியிருந்தனான். நித்திரையிலயும் கழட்டேல்லை. எல்லாம் சாமியின்ர சக்தி!"

பூட்டுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை மனிதர்.

இப்படித் திரும்பி வந்தவர்கள் எல்லோரும் சாமியைப் புகழ்ந்தார்கள். திரும்பி வராதவர்களில் ஒருவர்கூட அம்பிட்டிய மேட்டுக்கு வந்து குறை சொல்லவில்லை. வரமுடியாது. அவர்கள்தான் அக்கரையில் நிற்கிறார்களே! இந்தச் சின்னக் கணக்குப் பன்விலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் யசோதா என்ற பெண்ணுக்கு மட்டும்தான் விளங்கியது. அதுவும் சும்மா விளங்கவில்லை. புருசனைக் கொடுத்த பிறகு விளங்கியது.

அவளுடைய புருசன் பழனியாண்டி, தகப்பனின் கருமாதிக்காகச் சாமியின் பெட்டியோடு ஊருக்குப் போனான். நான்கு மாதமாயிற்று. ஒரு கடிதம் வந்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வாசித்தார். மண்டபத்தில் அதிகாரி பெட்டியைத் திறந்தாராம். உள்ளே துரையின் கையெழுத்து இல்லை. பழைய பத்திரிகைத் துண்டு ஒன்று, அதில் இருமல் மருந்து விளம்பரம். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பெரிய கங்காணி இரக்கமான மனிதர், ஆகவே மாதக் கடைசி வரைக்கும் தவணை கொடுத்தார். அதற்குள் பழனியாண்டி வராவிட்டால் தோட்டப் பதிவில் பேர் வெட்டுப்படும், தோட்டம் கொடுத்த லயத்து அறை வேறு குடும்பத்துக்குப் போகும். யசோதாவும் இரண்டு பிள்ளைகளும் எங்கே போவது என்பது கங்காணியின் வேலையில் சேராது.

அவள் பெட்டிச் சாமியிடமே போய்க் கேட்டாள். சாமி அரை நிமிடம் யோசித்தார்.

"புருசன் போன பொறகு, வெள்ளிக்கெழம தலைக்கு எண்ணெ வெச்சியா?"

"வெச்சேன் சாமி."

"ஹூம். அதான்!"

கூட்டம் முழுவதும் பெருமூச்சு விட்டது. ஒரு அம்மா, "சண்டாளி, புருசனக் கெடுத்துட்டியே" என்று முதுகில் ஒரு குத்தும் வைத்தாள். பன்விலையில் தேய்த்த எண்ணெய் மலையிறங்கி, ரயிலேறி, கடல் தாண்டி, பூட்டிய பெட்டிக்குள் புகுந்து, துரையின் கையெழுத்தை இருமல் மருந்தாக மாற்றியிருக்கிறது. நல்ல எண்ணெய்தான். எந்தக் கடையில் வாங்கினாளோ!

யசோதா அழுதுகொண்டே கீழே இறங்கினாள். கண்டிக் கடைத்தெருவில் ஒரு தகரக் கடை முன்னால் கால் நின்றுவிட்டது. உள்ளே அதே கையகலப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் முனாப் ஈயம் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"நானா, இது சாமியோட பெட்டியா?"

"பெட்டி என்ட. சாமி வாங்கிட்டுப் போறது" என்றார் முனாப். "மந்திரம் ஒண்டும் உள்ள இல்ல தங்கச்சி. பழைய மண்ணெண்ணெய்த் தகரம், ஈயம், என்ட வேர்வை. அவ்வளவுதான்."

அவள் நடந்ததைச் சொன்னாள். முனாப் ஈயம் பற்றவைக்கும் இரும்பைக் கீழே வைத்தார்.

"எனக்கும் ஒரு யோசனை இரிக்கி. எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இரிக்கோணும், மயிரிழை வித்தியாசம் வரப்படாதெண்டு செல்லுறார். ஒரு ஆளுக்கு ஒரு பெட்டி எண்டா, என்னத்துக்கு ஒரே மாதிரி?"

யசோதா ஒரு பெட்டியை எடுத்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். இரண்டையும் கைமாற்றிப் பிடித்தாள். எது முதலில் எடுத்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எங்க பக்கத்துல மட்டும் அஞ்சு பேரு திரும்பி வரல நானா. அஞ்சு பேரும் படிக்காதவங்க. தனியாப் போனவங்க. வாசல்லயே கேட்டுத்தான் உள்ள விட்டாங்க."

"பொலிசுக்குப் போவமா?"

"எண்ணெ வெச்ச கதையச் சொல்லி அவங்களும் என்னையத்தான் ஏசுவாங்க. தெறந்து காட்டச் சொன்னா, தெறந்தா சக்தி போயிரும்பாரு. தெறக்காமலே பாக்கணும்." கொஞ்ச நேரம் பெட்டியை ஆட்டிக்கொண்டே நின்றாள். பிறகு, "வீட்ல புளியங்கொட்ட கெடக்கு" என்றாள்.

முனாப் அவளைப் பார்த்தார். அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார்.

புருசனைத் தேடி இந்தியா போவதாகச் சொல்லித் துரையிடம் தனக்கும் ஒரு சீட்டு வாங்கினாள் யசோதா. அடுத்த வாரம் மேடேறினாள். வாசலில் கறுப்பையா கேட்டார். எழுதத் தெரியாது, துணை இல்லை, யாரையும் தெரியாது என்றாள். கறுப்பையாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு தகுதியுள்ள பக்தை கிடைத்து நாளாயிற்று.

"புத்தி வந்துச்சா?" என்றார் சாமி.

"வந்துருச்சு சாமி."

சாமி கண்ணை மூடினார். யசோதா சீட்டை மடித்துப் பெட்டியில் வைத்தாள். முந்தானையிலிருந்து மூன்று புளியங்கொட்டையை எடுத்து அதன்மேல் போட்டாள். பக்கத்தில் கதிரையில் இருந்த பொன்னுத்துரை பார்த்தார். ஏதோ தோட்டத்து நேர்ச்சை என்று நினைத்துக்கொண்டார். மூடி விழுந்தது. உடுக்கை முழங்கியது. பெட்டி மஞ்சள் துணிக்குள் போனது. மந்திரம் நடந்தது. பெட்டி வெளியே வந்தது. அரக்கு, முத்திரை எல்லாம் குறைவில்லாமல் ஆயிற்று.

யசோதா பெட்டியை வாங்கிக் காதருகே வைத்து ஆட்டினாள். இன்னொரு தடவை ஆட்டினாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"சீட்டோட மூணு புளியங்கொட்டையும் போட்டேன். யாராச்சும் ஆட்டிப் பாருங்க. தெறக்க வேணாம். ஆட்டினாப் போதும்."

கூட்டத்துக்குள் நின்ற முனாப் முதலில் வாங்கி ஆட்டினார். அடுத்தவர் ஆட்டினார். பெட்டி வரிசை முழுக்கப் போய்வந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"சக்தி ஏறினா சத்தம் அடங்கிரும்" என்றார் சாமி. கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டார்.

"பொய் சொல்றா! கொட்டையுமில்ல ஒண்ணுமில்ல" என்று கறுப்பையா கத்தினார்.

பொன்னுத்துரை எழுந்தார். முகம் கறுத்துவிட்டது. மனிதர் ஏமாளிதான், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர்.

"இல்லை. நான் பாத்தனான். மூண்டு கொட்டை. என்ர கண்ணால பாத்தனான்."

இப்போது சாமிக்கு ஒரே வழிதான் இருந்தது. எல்லாச் சாமிகளுக்கும் கடைசியில் அந்த வழிதான். ஆத்தா வந்துவிட்டாள்.

"ஏய்ய்!" என்று கத்திக்கொண்டு சாமி துள்ளி எழுந்தார். கண் சிவந்தது. சடை பறந்தது. தலையிலிருந்து கால்வரை கிடுகிடுவென்று ஆடினார். "என்னையவா சோதிக்கிற? குடும்பத்தோட அழிச்சிருவேன்!"

கூட்டம் பின்வாங்கியது. கறுப்பையா வழக்கப்படி உடுக்கையை அடித்து ஆத்தாவை உற்சாகப்படுத்தியிருக்க வேண்டும். புளியங்கொட்டை என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவர் கை எழும்பவில்லை. கூடம் நிசப்தமாக இருந்தது. அந்த நிசப்தத்தில் சாமி ஆடினார்.

கடகட. கடகட. கடகட.

சத்தம் சாமியின் இடுப்பிலிருந்து வந்தது. ஆத்தா வேகமாக ஆடினால் கொட்டையும் வேகமாக ஆடியது. ஆத்தா நிதானித்தால் அதுவும் நிதானித்தது. சாமிக்கு விசயம் விளங்கி, ஆடுவதை நிறுத்தி, மரம்போல நின்றார். அவ்வளவு சீக்கிரம் மலையேறிய ஆத்தாவை அம்பிட்டிய அதற்கு முன் கண்டதில்லை.

"நிறுத்தாதீங்க சாமி. இன்னங் கொஞ்சம் ஆடுங்க" என்றாள் யசோதா.

முதுகில் குத்திய அதே அம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். முனாப் போய்ச் சாமியின் இடுப்பு மடிப்பிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்தார். சீட்டு. மூன்று புளியங்கொட்டை. யசோதாவின் கையில் இருந்த முத்திரைப் பெட்டியையும் திறந்தார்கள். மீண்டும் இருமல் மருந்து.

பொலிஸ் வந்தது. ஆசனத்துக்கு அடியில் ஒரு கட்டுச் சீட்டு அகப்பட்டது. சீட்டு இல்லாமல் இக்கரைக்கு வர நினைப்பவர்களுக்கு அவற்றை விற்பதுதான் கறுப்பையாவின் திருப்பணி. வயதும் அடையாளமும் ஏறக்குறைய ஒத்துப்போனால் போதும், பெயரை மனப்பாடம் செய்துகொண்டு வேறொருவனாக வந்துவிடலாம். பொன்னுத்துரை ஒவ்வொன்றாக வாசித்தார். நான்காவது சீட்டில் நின்றார்.

"பழனியாண்டி. பன்வில. அடையாளம்... இடக்கையில சின்னி விரல் இல்லை."

யசோதா முன்னால் வந்து அந்தச் சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மெசினுக்குக் கொடுத்த விரல் அது. அன்றைக்கு அந்த விரலுக்காக எவ்வளவு அழுதாள்! இப்போது அதுதான் சீட்டைக் காப்பாற்றியிருந்தது.

"அது விக்கவே இல்ல" என்றார் கறுப்பையா, ஏதோ மன்னிப்புக் கேட்பவர்போல. "வெரல் இல்லாத ஆள் அமையல."

பொலிஸ்காரர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு அந்தச் சீட்டை யசோதாவிடம் கொடுத்தார். பொன்னுத்துரை தலை குனிந்தபடி, "தங்கச்சி, விலாசத்தைச் சொல்லும். நான் எழுதித் தாறன்" என்றார். சற்று யோசித்து, "பத்திரமாப் போகவேணுமே. பெட்டி ஏதும் வேணுமோ?" என்றும் கேட்டார். பழக்கம் லேசில் போகுமா?

"வேணாங்க. ரெஜிஸ்டர் தபால்ல போடுங்க. ரசீது குடுப்பாங்க."

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பழனியாண்டி ஒன்பது விரலோடு வந்து சேர்ந்தான். லயத்து அறை தப்பியது. ஆனால் பன்விலையிலிருந்து போன மற்ற நான்கு பேரின் சீட்டுகளும் அந்தக் கட்டில் இல்லை. அவை விற்றுப்போயிருந்தன. அந்த நான்கு பேரும் இன்னும் அக்கரையில் நிற்கிறார்கள், என்ன தீட்டுச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டு. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. சாமியை மட்டும் திட்டிப் பயனில்லை. அவரைச் சுற்றி நின்று பெருமூச்சு விட்ட கூட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

அந்தக் கூட்டம் திருந்திவிட்டதா? முழுக்கத் திருந்திவிட்டது. பெட்டிச் சாமி போலி என்று இப்போது எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள். உண்மையான சாமி குண்டசாலையில் இருக்கிறாராம். அவர் தகரப் பெட்டியெல்லாம் பாவிப்பதில்லை. பித்தளையாம்.

போகிறவர்கள் போய்வாருங்கள். புறப்படுமுன் மூன்று புளியங்கொட்டையை மடியில் முடிந்துகொள்ளுங்கள். அப்படியே உங்கள் தலையையும் ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். சாமிக்கு ஆமாம் போடுவதற்காக அல்ல. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக.