லென்ஸ் சாரின் புது ட்ரம்பெட்

குறையில்லாத பொருள் ஒன்றைக் கடவுளே கொண்டுவந்து கையில் கொடுத்தாலும், அதை வெயிலில் திருப்பிப் பார்த்து, "இங்க ஒரு புள்ளி இருக்குதுங்களே" என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் நெய்வேலியில் எங்கள் பிளாக்கில்தான் குடியிருந்தார். லென்ஸ் சார் என்போம். அப்பா அம்மா வைத்த பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும்.

அனல்மின் நிலையத்தில் பாய்லர் குழாய்களின் வெல்டிங்கைச் சோதிப்பது அவர் வேலை. ஊசிமுனைத் துளை கண்ணில் படாமல் போனாலும் அங்கே ஆள் வெந்துபோவான். அந்தக் கண்ணை ஷிஃப்ட் முடிந்ததும் கழற்றி வைக்க அவருக்குத் தெரியவில்லை. மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளரைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தவர்.

மாதா கோயில் பேண்டில் அவர் ட்ரம்பெட், அவருடைய பால்ய சிநேகிதர் ஜோசப் அண்ணன் டிரம், நான் கிளாரினெட். ரிட்டயர் ஆனதும் லென்ஸ் சார் புது ட்ரம்பெட் வாங்கினார். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அழகை அல்ல.

"வாய்ப்பக்கம் பாரு. பூச்சுக்குள்ள கொப்புளம்."

எங்களுக்கு அதில் எங்கள் மூஞ்சிதான் தெரிந்தது.

புதுச்சேரிக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். அதில் கீறல். மறுபடியும் மாற்றினார். அதில் ஒரு மங்கல்.

"சத்தம் எப்படி சார் இருக்கு?" என்றார் கடைக்காரர் பரிதாபமாக.

"இன்னும் ஊதலைங்க. ஊதிட்டா எச்சில் பட்டுடுச்சுன்னு மாத்த மாட்டீங்களே."

இதற்கிடையில் ஜோசப் அண்ணன் நெஞ்சுவலியில் படுத்துவிட்டார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "புதுசைக் கொண்டாந்து ஒரு பாட்டு ஊதுடா" என்றார்.

"மங்கலா இருக்குது ஜோசப்பு. சரி பண்ணிக்கினு வந்து ஊதுறேன்."

"நான் கேக்கத்தான்டா சொன்னேன், பாக்கவா சொன்னேன்?"

லென்ஸ் சார் வீட்டுக்கு வந்து பாலீஷ் போட்டுத் தேய்த்தார். மங்கல் போகவில்லை. பூச்சுதான் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. தேமல் விழுந்தாற்போல் ஆன ட்ரம்பெட்டை உறையில் போட்டு பீரோவுக்குள் வைத்துவிட்டார். கடைக்கும் போகவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. அந்த வாரமே ஜோசப் அண்ணன் இறந்துபோனார்.

அடக்கத்துக்குப் பழைய ட்ரம்பெட்டோடு வருவார் என்று நினைத்தோம். புதுசோடு வந்தார். நல்ல வெயில். அந்தத் தேமல் தெருமுனைவரை தெரிந்தது. "புதுசுன்னாங்க, இப்படி இருக்குதே?" என்று யாரோ கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை. சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று, "கேளு ஜோசப்பு" என்று சொல்லிவிட்டு ஊதினார்.

நடுவில் இரண்டு இடத்தில் பிசிறியது. பக்கத்தில் நின்று வாசித்தவன் நான்.

திரும்பி வரும்போது கேட்டார்: "எங்கனா பிசிறுச்சாடா?"

என் முகத்தையே உற்றுப் பார்த்தார். எத்தனை குழாய்களைப் பார்த்த கண்! நான் கண்ணை எடுக்கவில்லை.

"இல்லைங்க சார். சுத்தமா இருந்துச்சு."