ஒரு பட்டனுக்கு நடந்த பேரம்

நீ யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் ‘கருவாள்’ வீடியோ விளையாட்டைப் புதுப்பிக்கிறேன் என்று கெடுத்துக் குட்டிச்சுவராக்கியது நீதான். மறுக்காதே.

நான் பழைய பீரோ, கட்டில், நாற்காலி வாங்கி விற்பவன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு சான்றிதழும் தரவில்லை. வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே பட்டம் ‘வாள்வேந்தன்’. பழைய கருவாளில் பதினொரு பட்டன்களையும் பழகி, மூன்று வருடம் செத்துச் செத்துப் பிழைத்து வாங்கியது. அதில் கடைசி எதிரி, கதாநாயகனின் கூடப்பிறந்த அண்ணன். அவனை வீழ்த்திய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது கருவாளைப் புதுப்பித்திருக்கிறார்களாம். ஒரே பட்டன். அண்ணனைக் காணோம். அவன் இடத்தில், தலைக்கு மேல் ‘கெட்டவர்’ என்று பலகை மிதக்கிற யாரோ ஒருத்தன். ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லாருக்கும் வாள்வேந்தன் பட்டம். என் மச்சான் சோபாவில் கிடந்த கன்ட்ரோலரைப் பார்க்காமல் அதன்மேல் உட்கார்ந்தார். திரையில் மூன்று அரக்கர்கள் காலி.

“அட, நானும் வாள்வேந்தனாமே மாப்ள!” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே, மச்சான் கதை உட்பட எல்லாவற்றையும் புகாராக எழுதிக்கொண்டு கம்பெனி வாசலில் நின்றேன். ‘பயனர் மனநிறைவு மேம்பாட்டுப் பிரிவு’ என்று பலகை. உள்ளே ஓர் அதிகாரி.

“பழைய ஆட்டத்தில் பயனர்கள் தோற்றார்கள். தோற்றதால் வருந்தினார்கள். ஆகவே தோல்வியை நீக்கிவிட்டோம்.”

“அண்ணன்காரன் என்ன பாவம் பண்ணான்?”

“அது குடும்பத் தகராறு. மனச்சங்கடம் உண்டாக்குவதாக ஆய்வறிக்கை தெரிவிக்கிறது.”

“தோக்கவே முடியலைன்னா ஜெயிக்கிறதுல என்னய்யா சந்தோஷம்?”

“அதற்காகத்தான் கைதட்டல் ஒலி சேர்த்திருக்கிறோம்.”

கத்தியிருப்பேன். ஆனால் பேரம் என் தொழில்.

“பதினொண்ணையும் திருப்பிக் குடுங்க.”

“ஒன்று.”

“எட்டு.”

“ஒன்று. கொள்கை முடிவு, ஐயா.”

எழுந்து வாசலைப் பார்த்து நடந்தேன். இந்த நடைக்கு மசியாத ஆளை நான் பார்த்ததில்லை. கதவில் கை வைத்ததும் கூப்பிட்டார்.

“ஐயா, இரண்டு! மேலிடத்தில் நான் பேசிக்கொள்கிறேன்.”

“எழுத்துல குடுங்க.”

கொடுத்தார். முத்திரையோடு.

வெளியே, என்னைப் போலவே வயிற்றெரிச்சலோடு நாற்பது ரசிகர்கள் தட்டி பிடித்து நின்றார்கள். தாளைக் காட்டினேன். அப்படியே என்னைத் தோளில் தூக்கினார்கள். ஆனந்தத்தில் ஒருத்தன் அடுத்த பாகத்துக்குப் போனிலேயே முன்பதிவு செய்தான். அவனைப் பார்த்து எல்லாரும் செய்தார்கள். நானும் செய்தேன், தோளில் உட்கார்ந்தபடியே.

ஒரு வாரத்தில் இரண்டாவது பட்டன் வந்தது. ஆசையாக அழுத்தினேன்.

கைதட்டல் சத்தம் கொஞ்சம் கூடியது.

பூட்டைத் திறந்து பார்க்காமல் ஒரு பீரோ வாங்கியவன் இல்லை நான். பட்டன் எதற்கென்று கேட்காமல் வாங்கி வந்திருக்கிறேன்!

திரும்ப ஓடினேன். அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார்.

“புகார் சொன்ன அத்தனை பேரும் அடுத்த பாகத்துக்குப் பதிந்திருக்கிறீர்கள். மனநிறைவுக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?”

“அதுல எத்தனை பட்டன்?”

“ஒன்றும் கிடையாது. உங்கள் வீட்டில் ஒருவர் உட்கார்ந்தே ஜெயித்தாராமே? புகாரில் நீங்களே எழுதியிருந்தீர்கள். அருமையான யோசனை. இனி சோபாவில் உட்கார்ந்தாலே போதும்.”

ஆகவே, உன்னிடமே நேரடியாகக் கேட்கிறேன். நான் திட்டிக்கொண்டே வாங்குவேன். அது என் புத்தி, அதை விடு. நீ உன் வேலையை ஒழுங்காகப் பார். அந்த அண்ணனைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வா. அவன் கையில் நல்ல வாளாகக் கொடு. மச்சான் பார்க்கட்டும், என்னை ஒரு தடவையாவது முறைப்படி சாகவிடு!