பந்தயம் வைத்த மூக்கு

முதலில் ஒரு உறுமல். அப்புறம் கழுதை கத்துவதுபோல் ஒரு நீண்ட இழுப்பு. அதற்கும் அப்புறம், ஆஸ்துமாக்காரர் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு ஒலி. மூன்றும் எங்கள் கட்டிலுக்கு நேர் கீழே, தரைப் பலகைக்கு அடியிலிருந்து வந்தன.

"டெக், எழுந்திரு! கீழே யாரோ இருக்காங்க."

"காத்து," என்றார் என் கணவர் டெக்லன், போர்வைக்குள்ளிருந்து.

"காத்து இருமுமா?"

"கடற்கரைக் காத்து. ஈரம் ஜாஸ்தி. இருமும்."

"போய்ப் பாரேன்."

"நீ போய்ப் பாரு. நான் குழந்தையைப் பாத்துக்கறேன்," என்று போர்வைக்குள்ளிருந்து டார்ச் மட்டும் வெளியே வந்தது. குழந்தை மேவ் என் தோளில் இருந்தாள்.

விடியும்வரை நான் ஜெபமாலை உருட்டினேன். காலையில் பார்த்தால், விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்த அந்த வீட்டின் சொந்தக்காரர்கள் ஃபிரிட்ஜில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். 'தரைக்கடியில் பென்குயின் குடும்பம் ஒன்று வசிக்கிறது. இரவில் சண்டை பிடிப்பார்கள். பொறுத்துக்கொள்ளவும்.'

டெக்லன் சிரித்த சிரிப்பில் காபி மேஜையெல்லாம் சிந்தியது.

"பென்குயின்! முழங்கால் உயரம்கூட இல்ல! இதுக்கா மாதாவைத் தூக்கத்துலேர்ந்து எழுப்பின?"

ஒளிப்பானேன்? நான் பயந்தாங்கொள்ளிதான். மேவ் பிறந்து பத்து மாதம். அன்றிலிருந்து திராட்சைப் பழம், ஜன்னல் கயிறு, சட்டைப் பொத்தான் எல்லாம் அவளைக் கொல்லக் கிளம்பி வந்தவைதான். குளியலறைக் கதவைச் சாத்தினால் அவள் அழுவது கேட்காமல் போய்விடுமே என்று திறந்து வைத்தே குளிப்பேன். குளியலாவது! தண்ணீர் முதுகை எட்டுமுன் வெளியே ஓடி வந்துவிடுவேன். இந்த வீட்டிலோ நாலு கால் வைத்த பெரிய தொட்டி. படுத்தால் கடல் தெரியும். டெக்லன் பிஷெனோ என்ற இந்தக் கடற்கரை ஊருக்கு வந்தது வைனுக்காக. நான் வந்தது அந்தத் தொட்டிக்காக.

'ஓய்வாக ஒரு நாள்' என்று அவர் தாளில் எழுதி வைத்திருந்தார். ஓய்வு பத்து மணிக்கு ஆரம்பம். நாலு திராட்சைத் தோட்டம், வைன் ருசி பார்க்க நாலு ருசிக்கூடம். வண்டி ஓட்டுவது நான். தாய்ப்பால் கொடுப்பவள் குடிக்கமாட்டாளே! பிள்ளையைச் சுமப்பதும் நான். அவருக்கு இரண்டு கையும் வேண்டும். ஒன்று கோப்பையைச் சுழற்ற, இன்னொன்று விளக்கம் சொல்ல. போன மாதம் ஒரு வைன் புத்தகம் படித்ததிலிருந்து எல்லாவற்றையும் சுழற்றி மோந்து பார்க்கிறார். பல் தேய்த்த தண்ணீரைக்கூட.

வண்டியில் ஏறும்போது கேட்டேன். "டெக், சாயங்காலம் எனக்கு ஒரு மணி நேரம் வேணும். தனியா, தொட்டியில."

"குளியேன், யாரு தடுத்தா? நாலு இடமும் முடிஞ்சு, நான் கொஞ்சம் படுத்து எழுந்ததும்..."

"நீ எழுந்திருக்கறப்போ விடிஞ்சிடும்."

"வைன்னா கவனம் வேணும் ஃபிரான். உனக்குப் புரியாது. சரி, ஒரு பந்தயம். வைன்ல எனக்குத் தெரியாத ஒண்ணை நீ கண்டுபிடிச்சுச் சொல்லிடு. சாயங்காலம் முழுக்க மேவ் என் பொறுப்பு. டயப்பர் உள்பட!"

"சத்தியமா?"

"சத்தியமா," என்றார், பெரிய மனசோடு.

முதல் ருசிக்கூடம் குன்றின்மேல். சொந்தக்காரி நோரீன் அறுபது வயதுக்காரி, காலில் ரப்பர் பூட்ஸ். டெக்லன் முதல் வாயிலேயே ஆரம்பித்துவிட்டார். மண், மழை, கடல் உப்பு, பாறை. கோப்பைக்குள் இல்லாதது திமிங்கிலம் மட்டும்தான். நோரீன் கேட்டுக் கேட்டு மயங்கிப்போனார்.

"இவ்வளவு தெரிஞ்சவருக்குச் சும்மா ஊத்தக் கூடாது. பழைய பினோ வைன் ஒண்ணு வச்சிருக்கேன். திருகு மூடிக்கு மாறறதுக்கு முன்னாடி போட்டது, கார்க் அடைச்சது."

திறந்தார். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. "நீங்களே ஊத்திக்குங்க," என்று புட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

டெக்லன் ஊற்றினார், சுழற்றினார், கண்ணை மூடினார்.

"ஆகா! காட்டுக் காளான். பழைய நூலகம். ஃபிரான், இதுதான் வயசோட கம்பீரம்!"

நான் ஜன்னலோரம் மேவுடன் நின்றிருந்தேன். அங்கேயே எனக்கு எட்டிவிட்டது. பத்து மாதமாக என் மூக்கு சும்மா இருக்கவில்லை. பால் திரிவதற்கு முந்தின நிமிடம் தெரியும். மூன்று அறை தள்ளி டயப்பர் தெரியும். அதிலும் இந்த வாசனை ஆறு வருஷப் பழக்கம். நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் பொனவென்ச்சரின் பாட்டுப் புத்தக அலமாரி, கூரை ஒழுகி நனைந்த அட்டைப்பெட்டிகளோடு.

நோரீன் திரும்பி வந்தார். "எப்படி?"

"காட்டுக் காளான் வாசனை! உங்க வாழ்நாள் சாதனை!" என்றார் டெக்லன்.

"மன்னிச்சுக்குங்க," என்றேன். "அது... நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி வாடை அடிக்குது."

டெக்லன் விழுந்து விழுந்து சிரித்தார். "நேத்து ராத்திரி பென்குயினுக்குப் பயந்தா, இப்போ வைனுக்கு!"

நோரீன் சிரிக்கவில்லை. கோப்பையை வாங்கி ஒரே ஒருமுறை மோந்தார். முகம் சுருங்கியது. அப்படியே துப்பும் வாளியில் கொட்டினார்.

"கார்க் கெட்டுப்போச்சு. மோந்து பாக்காம குடுத்தது என் தப்பு. எவ்வளவு குடிச்சீங்க சார்?"

"ரெண்டு... கோப்பை," என்றார் டெக்லன். அவர் துப்புவதே இல்லை.

"காளான்னு சொன்னீங்களே, அது மட்டும் சரி. பூஞ்சைதான்." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அங்கேர்ந்தேவா கண்டுபிடிச்ச? இன்னும் ஆறு பழைய புட்டி இருக்கு, கொஞ்சம் மோந்து சொல்லேன்."

குழந்தையை டெக்லன் கையில் கொடுத்தேன். நோரீன் ஒவ்வொன்றாகத் திறந்தார், நான் ஒவ்வொன்றாக மோந்தேன். ஐந்து நல்லது, ஒன்று சிஸ்டர் பொனவென்ச்சர். நோரீன் என் முதுகில் தட்டி நல்லதில் ஒரு புட்டியை என் பையில் செருகினார். மேவ் தன் அப்பாவின் சட்டையில், அவர் சுழற்றாமலே, காலைப் பால் முழுவதையும் கொட்டினாள்.

மீதி மூன்று ருசிக்கூடங்களிலும் டெக்லனின் விளக்கமே கிடையாது. ஊற்றியதை என்னிடம் நீட்டி, நான் தலையாட்டிய பிறகுதான் குடித்தார்.

மாலை ஐந்து மணி. மேவுக்கான பாலைப் புட்டியில் எடுத்து வைத்தேன். தொட்டி நிரம்பியது, ஜன்னலில் கடல், கையில் அரைக் கோப்பை பினோ. கூடத்தில் மேவ் சிணுங்கினாள். என் கால் தானாக வாசல்பக்கம் திரும்பியது. நின்று கேட்டேன். சிணுங்கல்தான். அழுகை இல்லை. பக்கத்தில் அவள் அப்பா இருக்கிறார்.

"ஃபிரான்!" என்று அப்பா அலறினார். "புது டயப்பர் எங்க இருக்கு?"

"மோந்து பாரு!" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.