மாப்பிள்ளை கேட்ட ஆறு வளையங்கள்

விருத்தாசலம்
12.2.1994

மாப்பிள்ளை ஆனந்தராஜ் அவர்களுக்கு மாமனார் கோதண்டபாணி எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குச் சௌக்கியம். மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். மகள் வேல்விழியிடம் இப்போதைக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, இட்லி சாப்பிட்டுக்கொண்டே கேட்டீர்கள்: "மாமா, வழுக்கணும், ஆனா ஒழுகக் கூடாது. அப்படி ஒரு சாமான் உங்க ஊருல செய்வாங்களா?" முப்பத்தோரு வருஷம் அறிவியல் பாடம் எடுத்த வாய் சும்மா இருக்குமா? "பீங்கான் ஊருக்கு வந்து கேக்கற கேள்வியா மாப்ள இது?" என்று சொல்லிவிட்டேன். அந்த வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆறு வளையங்கள் கேட்டு நீங்கள் எழுதிய இன்லேண்டு கடிதம் வந்ததும் மாணிக்கவேலின் பீங்கான் பட்டறைக்குப் போய் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன். மாப்பிள்ளை மெட்ராஸில் செய்துகொண்டிருப்பது, இருதய ஆபரேஷன் நேரத்தில் உடம்புக்கு ரத்தத்தை ஓட்டித்தரும் பம்பு. அதன் தண்டு மோட்டார் பக்கமிருந்து ரத்தத்தின் பக்கம் நுழையும் இடத்தில் இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் உரசிச் சுற்றும். நடுவில் மயிரிழையைவிட மெல்லிய உப்புநீர்ப் படலம் நிற்க வேண்டும். படலம் அறுந்தால் சூடேறி ரத்தம் கெட்டுப்போகும். அதனால், நீங்கள் எழுதியிருந்தபடி, நீர் தங்க வளையத்தின் முகத்தில் தெரிந்தும் தெரியாத கோடுகள் வேண்டும் என்றேன்.

ஆறு வளையங்களும் நன்றாகச் சுட்டு வந்தன. தேய்த்துக் கொடுத்தவர் அங்கே இருபது வருஷமாக மெருகேற்றும் பெரியநாயகி. போய்ப் பார்க்கிறேன், என் மூக்குக்கண்ணாடி அதில் தெரிகிறது! கோடு எங்கே என்றேன். "மாப்ள வூட்டுக்குப் போற சாமான் சாரு. கீறலோட அனுப்புனா ஊரு சிரிக்காதா?" நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொண்டால் பிரிக்க எவ்வளவு பாடு என்று உதாரணம் சொன்னேன். நீர் நிற்க இடம் வேண்டாமா என்றேன். "தண்ணி நிக்க வாய்க்கா வெட்டணும்னா கம்மாபுரத்துக்குப் போங்க, அங்க நெலம் இருக்குது" என்றார். அத்தனை பேர் முன்னாலும், "உனக்கு என்ன தெரியும்?" என்று ஒருமையில் கத்திவிட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பிறகு மாணிக்கவேலே வைர ஊசியோடு இரண்டு நாள் உட்கார்ந்து கோடு போட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஆறும் தாம்பாளத்தில், வெற்றிலை பாக்குக்கு நடுவே! உங்கள் மாமியார் கொளஞ்சியம்மாள், மாப்பிள்ளை வீட்டுக்கு எதுவும் வெறுமையாகப் போகக் கூடாதென்று ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சுற்றுகிற சாமானாயிற்றே என்று விளக்கெண்ணெயும் விட்டிருக்கிறாள். "எண்ண இல்லாம எந்தச் சக்கரம் சுத்துச்சு?" என்கிறாள். ரத்தத்தில் எண்ணெய் கலக்கலாமா என்று நான் அலறியதும் பயந்துபோய்த் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டாள். கோடுகளுக்குள் குங்குமம், கோடுகளுக்குக் குறுக்கே இன்னும் நூறு கோடுகள்.

வெள்ளிக்கிழமை சோதனை. வளையம் வராவிட்டால் உங்கள் மூன்று வருஷ வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் பேச்சை நம்பித்தானே மேலதிகாரியிடம் வாக்குக் கொடுத்தீர்கள்? நான் கெடுத்தேன் மாப்பிள்ளை. நீங்களும் வேல்விழியும் ஒரு குறையுமில்லாமல் வாழ எங்கள் இருவரின் ஆசி.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
கோதண்டபாணி

பின்குறிப்பு, புதன்கிழமை: திங்களன்று இதை அஞ்சலில் போடுமுன், முகவரி பார்க்க உங்கள் கடிதத்தை எடுத்தேன். ஒட்டுகிற மடிப்பின் உள்பக்கம் நான் பார்க்காத இரண்டு வரிகள்: "கோடுகளை எதிர் வளையத்தில் நாங்களே இங்கே போட்டுக்கொள்கிறோம். உங்கள் ஆறும் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தால் போதும்." பெரியநாயகி வீட்டு வாசலில் போய் நின்று படித்துக் காட்டினேன். "இன்னொருக்கா படிங்க சாரு" என்றார். மூன்று முறை படித்த பிறகுதான் பட்டறைக்குக் கிளம்பினார். அவர் தேய்த்ததில் கோடெல்லாம் போய் ஆறும் மறுபடி கண்ணாடியாகிவிட்டன. மெட்ராஸ் பஸ் ஏறும் பக்கத்து வீட்டுச் சுப்புராயன் வசம் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். வந்ததும் ஒன்றை எடுத்து, உங்கள் கோடு போட்ட வளையத்தின்மேல் வைத்து, உப்புநீர் விட்டு விரலால் சுற்றிப் பாருங்கள். கிறீச்சென்றால் எனக்கு எழுதுங்கள். சத்தமே இல்லையென்றால் பெரியநாயகிக்கு எழுதுங்கள்.